தம்பிக்குப் போன கோப்பைகள்

பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் பிள்ளை வாங்கி வந்த சின்னக் கோப்பையாக இருந்தாலும், அதற்கென்று வீட்டில் ஓர் இடம் உண்டு. ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஷோகேஸில் வைப்பார்கள். காபி டம்ளரைக் கையில் வாங்கிய விருந்தாளி, "இது யாரு வாங்கினது?" என்று கேட்டுவிட்டால் அந்த வீட்டு அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிரேசில் நாட்டின் தெற்கே ஃப்ளோரியானோபோலிஸ் என்று ஒரு கடலோர நகரம். அந்த ஊர்க்காரர் ஒருவர் பாரிஸுக்குப் போய், பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் பட்டத்தை 1997, 2000, 2001 என்று மூன்று முறை ஜெயித்தார். மூன்று முறையும் ஊருக்குக் கொண்டுவந்த கோப்பையைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். பிரெஞ்சு ஓபன் மட்டுமல்ல, வேறு போட்டிகளில் ஜெயித்த கோப்பைகளும் தம்பிக்குத்தான். அந்தத் தம்பியால் ஒருநாளும் டென்னிஸ் ஆட முடிந்ததில்லை.

அண்ணனின் பெயர் குஸ்தாவோ குயர்டன். முழுப்பெயர் சொல்லி அவரை அழைக்கிறவர்கள் குறைவு. பிரேசில்காரர்களுக்கும் டென்னிஸ் ரசிகர்களுக்கும் அவர் 'குகா'. தமிழ்க் காதில் அந்தப் பெயர் விழுந்தால் கங்கைக்கரை ஓடக்காரன் குகனும், அவனைத் தம்பியாக ஏற்றுக்கொண்ட ராமனும் நினைவுக்கு வருவார்கள். இந்தக் குகாவின் கதையும் அண்ணன் தம்பி கதைதான்.

மூன்று பிள்ளைகள், ஓர் அம்மா

குகா பிறந்தது 1976 செப்டம்பரில். அப்பா ஆல்டோவுக்கு டென்னிஸ் என்றால் உயிர். ஆறு வயதிலேயே மகன் கையில் ராக்கெட் வந்துவிட்டது. அம்மா ஆலிஸ் சமூகப் பணியாளர். மூத்தவர் ரஃபேல், நடுவில் குகா, கடைக்குட்டி கில்ஹெர்மே.

கில்ஹெர்மே பிறந்தபோது மூளைக்கு ஆக்ஸிஜன் போதிய அளவு கிடைக்கவில்லை. சில நிமிட விஷயம்தான், ஆனால் அது ஒரு வாழ்க்கையையே மாற்றிவிட்டது. உடலும் மனவளர்ச்சியும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. கடைசிவரை எல்லாவற்றுக்கும் இன்னொருவர் துணை தேவைப்பட்டது.

1985-ல் அந்த வீட்டில் இன்னோர் இடி விழுந்தது. சிறுவர்களுக்கான டென்னிஸ் ஆட்டம் ஒன்றில் நடுவராக இருந்த ஆல்டோவுக்கு மாரடைப்பு வந்து, அவர் இறந்துபோனார். அப்போது குகாவுக்கு எட்டு வயது.

அப்பாவைக் கொண்டுபோன ஆட்டம் இனி இந்த வீட்டுக்கே வேண்டாம் என்று ஆலிஸ் முடிவெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். துணையில்லாத ஒரு தாய், மூன்று பிள்ளைகள், அதில் ஒரு பிள்ளையை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுப்பிள்ளையாவது பத்திரமான ஒரு படிப்பு படித்து, மாதச் சம்பளத்துக்குப் போகட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுவும் பிரேசிலில்! அங்கே பையன்கள் தெருவில் உதைக்கிற பந்து கால்பந்து. டென்னிஸை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

குகாவுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது பயிற்சியாளர் லாரி பாசோஸ் முழுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இந்தப் பையன் டென்னிஸ் ஆடியே வாழ்ந்துவிட முடியும் என்று பையனுக்கும் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லி நம்பவைத்தவர் அவர்தான். ஆலிஸ் சம்மதித்தார். 1995-ல் குகா தொழில்முறை வீரரானார்.

செங்கல் பொடி சொல்லும் கணக்கு

குகாவின் கதையில் பாரிஸ் வரும் முன்பு, அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரெஞ்சு ஓபன் நடக்கும் மைதானத்தின் பெயர் ரோலண்ட் காரோஸ். அவர் டென்னிஸ் வீரர் அல்ல, விமானி. 1913-ல் மத்தியதரைக் கடலை இடையில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்த முதல் மனிதர். முதல் உலகப்போரில், 1918 அக்டோபரில், போர் முடிய ஒரு மாதமே இருந்தபோது விமானச் சண்டையில் உயிரிழந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, டேவிஸ் கோப்பைப் போட்டிக்காக பாரிஸில் ஒரு மைதானம் கட்டியபோது அவர் பெயரை வைத்தார்கள்.

அங்கே தரை சிவப்பாக இருப்பதால் எல்லாரும் 'களிமண் தரை' என்கிறோம். மேலே தெரிவது களிமண் அல்ல, செங்கல்லை அரைத்த பொடி. அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தூள், அதற்கும் கீழே எரிந்த நிலக்கரியின் கசடு, பிறகு சரளை, எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர் வடிவதற்கான கற்கள். ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதுபோல அடுக்கடுக்காகப் போட்ட தரை அது.

இந்தத் தரையில் விழுந்த பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்பும். புல்தரையில் சர்வீஸ் ஒன்றே பாதி ஆட்டத்தை முடித்துவிடும். இங்கே எதிராளி ஓடிப்போய்த் திருப்பி அடித்துவிடுவார். முடிந்தது என்று நினைத்த பந்து மறுபடி வரும். ஒரு புள்ளிக்கு இருபது முறை அடிக்க வேண்டியிருக்கும். ஆண்கள் ஆட்டத்தில் ஐந்து செட் போனால் நாலு மணி நேரம்கூட ஆகிவிடும். வலுவுள்ளவரைச் சோதிக்கும் தரை, தோற்றுக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு வாய்ப்பும் தரும்.

இந்த மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் கோடு பார்க்கும் வேலை மின்னணுக் கருவிக்குப் போய்விட்டது. பாரிஸில் 2025-லும் மனிதர்கள்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு செட் முடிந்ததும் பணியாளர்கள் வலையை இழுத்துக்கொண்டு வந்து தரையைச் சமன் செய்வார்கள், தடங்கள் எல்லாம் அழிந்துவிடும். அடுத்த செட்டுக்குக் களம் புதிதாகத் தயாராகும்.

அறுபத்தாறாவது ஆள்

1997 மே மாதக் கடைசியில் குகா பாரிஸ் வந்தபோது அவருக்கு இருபது வயது. உலகத் தரவரிசையில் 66-வது இடம். ஏ.டி.பி. சுற்றுப் போட்டி ஒன்றில்கூட அதுவரை ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. ஆறடி மூன்று அங்குல உயரம், ஒல்லி உடம்பு, சுருட்டை முடி, பிரேசில் கால்பந்துச் சட்டையை நினைவுபடுத்தும் நீலமும் மஞ்சளுமான உடை. பட்டம் வெல்வார் என்று கணித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அவர் கையில் ஒரு புது விஷயம் இருந்தது. பெல்ஜியத்தில் தயாரான பாலியெஸ்டர் நரம்பை அவர் ராக்கெட்டில் கட்டியிருந்தார். அப்போது முன்னணி வீரர்கள் பலரும் ஆட்டுக் குடல், மாட்டுக் குடலிலிருந்து எடுத்த நரம்பைத்தான் பெரிதும் நம்பினார்கள். புது நரம்பில் முழு வேகத்தில் அடித்தாலும் பந்து நன்றாகச் சுழன்று கோட்டுக்குள் இறங்கியது. குகா ஒரே கையால் அடிக்கும் பேக்ஹேண்ட், கோட்டை ஒட்டிப் பாயும்போது எதிராளிகள் நின்று பார்த்தார்கள். பின்னாளில் வீரர்கள் பெரும்பாலோர் இந்த வகை நரம்புக்கு மாறினார்கள்.

மூன்றாவது சுற்றில் 1995 சாம்பியன் தாமஸ் முஸ்டர். ஐந்து செட் ஆட்டம், குகாவுக்கு வெற்றி. நான்காவது சுற்றில் ஆந்த்ரே மெட்வெடேவ். மறுபடி ஐந்து செட், மறுபடி வெற்றி. கால் இறுதியில் முந்தைய ஆண்டு சாம்பியன் எவ்கெனி காஃபெல்னிகோவ். இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் பின்தங்கியிருந்த குகா, நான்காவது செட்டை 6-0 என்று எடுத்து, ஐந்தாவதையும் ஜெயித்தார். அரை இறுதியில், தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வந்த பெல்ஜியத்தின் ஃபிலிப் தெவுல்ஃப் தோற்றார்.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஸ்பெயினின் செர்ஜி ப்ருகெரா. 1993, 1994 இரண்டு ஆண்டும் இதே பட்டத்தை வென்றவர். பெரிய சண்டை நடக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். 6-3, 6-4, 6-2. மூன்றே செட்டில் முடித்துவிட்டார் குகா. முன்னாள் சாம்பியன்கள் மூன்று பேரை ஒரே போட்டியில் வீழ்த்தி, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பிரேசில் ஆண் வீரர் ஆனார். அவருக்கு முன்பு பெண்களில் மரியா எஸ்தர் புவேனோ அந்த நாட்டுக்குப் பெருமை சேர்த்திருந்தார்.

அதே 1997 போட்டியில் இந்தியாவுக்கும் ஒரு நல்ல சேதி இருந்தது. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, ஜப்பானின் ரிகா ஹிராகியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். கிராண்ட்ஸ்லாம் பட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

பிரெஞ்சு ஓபன் ஆண்கள் கோப்பையின் அசல், வென்றவரோடு வீட்டுக்குப் போகாது. பாரிஸிலேயே இருக்கும். வென்றவருக்கு அதேபோலச் செய்த சின்ன நகல் ஒன்றைத் தருவார்கள். அந்த நகல்தான் ஃப்ளோரியானோபோலிஸுக்குப் போய் கில்ஹெர்மேயிடம் சேர்ந்தது. 2000-லும் 2001-லும் அதேபோல இன்னும் இரண்டு சேர்ந்தன.

கில்ஹெர்மே ஸ்கோர் கணக்குப் பார்க்கும் நிலையில் இல்லை. 66-வது ஆள் முன்னாள் சாம்பியன்களைச் சாய்த்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரிடம் விளக்கிச் சொல்லவும் முடியாது. எல்லாம் தெரிந்துதான் குகா கொடுத்தார். பல வீடுகளில் உடல் குறையோடு பிறந்த பிள்ளையை, விருந்தாளி வரும் நேரத்தில் உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. பாசம் இல்லாமல் அல்ல. யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். குயர்டன் வீட்டில் உலகமே வந்து பார்க்கிற கோப்பைகள் எல்லாம் அந்தப் பிள்ளையுடையவை. கோப்பையைக் கேட்டு வருகிறவர் கில்ஹெர்மேயைத்தான் முதலில் கேட்க வேண்டும்!

மண்ணில் வரைந்த இதயம்

2000-ல் இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனின் மாக்னஸ் நார்மனை ஜெயிக்க குகாவுக்குப் பதினொரு மேட்ச் பாயிண்ட்கள் தேவைப்பட்டன. பத்தை நார்மன் தடுத்தார், பதினொன்றாவதில் ஆட்டம் முடிந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் லிஸ்பனில் பீட் சாம்ப்ராஸையும் ஆந்த்ரே அகாஸியையும் அடுத்தடுத்துத் தோற்கடித்து, உலகின் முதலிடத்தில் ஆண்டை முடித்த முதல் தென் அமெரிக்க வீரர் என்ற பெயரும் எடுத்தார்.

ஆனால், பாரிஸ்காரர்கள் மறக்காதது 2001-ஐ. குகா உலகின் முதல்நிலை வீரராக, நடப்புச் சாம்பியனாக வந்திருந்தார். நான்காவது சுற்றில் எதிராளி மைக்கேல் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர், தகுதிச் சுற்றில் ஆடி வந்தவர். யாரும் அந்த ஆட்டத்தைப் பெரிதாக எண்ணவில்லை. முதல் செட் 6-3 ரஸ்ஸலுக்கு. இரண்டாவது 6-4, அதுவும் ரஸ்ஸலுக்கு. மூன்றாவதில் 5-3 என்று ரஸ்ஸல் முன்னிலை, கையில் மேட்ச் பாயிண்ட். ஒரே ஒரு புள்ளி போனால் சாம்பியன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் புள்ளி நீண்டது. பந்து இங்கும் அங்கும் இருபது முறைக்கு மேல் போய் வந்தது. வேறு தரையாக இருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். கடைசியில் குகா பிழைத்தார். செட்டை டை பிரேக்கரில் எடுத்தார். அடுத்த இரண்டு செட்களும் 6-3, 6-1.

ஆட்டம் முடிந்ததும் குகா உள்ளே போகவில்லை. ராக்கெட்டைத் திருப்பிப் பிடித்து, அந்தச் செம்மண்ணில் பெரிதாக ஓர் இதயம் வரைந்தார். அதன் நடுவே மண்டியிட்டார். அரங்கம் எழுந்து நின்றது. பார்த்தவர்கள் பலருக்குக் கண் கலங்கிவிட்டது.

கால் இறுதியில் வழக்கம்போல காஃபெல்னிகோவ். குகா பட்டம் வென்ற மூன்று ஆண்டுகளிலும் கால் இறுதி எதிராளி அவர்தான் என்பது வேடிக்கை. அரை இறுதியில் ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோ. இறுதி ஆட்டத்தில் அலெக்ஸ் கோரெட்ஜாவிடம் முதல் செட்டை இழந்து, பிறகு மூன்று செட்களைத் தொடர்ந்து எடுத்து மூன்றாவது முறை சாம்பியன். மறுபடி ஓர் இதயம். இந்த முறை அதற்குள்ளேயே படுத்துவிட்டார்.

பணியாளர்கள் வலையை இழுத்து வந்தால் ஒரு நிமிடத்தில் அழிந்துபோகிற படம்தான் அது. ஆனாலும் அந்த மைதானத்தின் புகழ்பெற்ற புகைப்படங்களில் ஒன்றாக நின்றுவிட்டது.

இடுப்பு செய்த துரோகம்

குகாவுக்கு அப்போது 24 வயது. இன்னும் ஐந்தாறு பட்டங்கள் வரும் என்று பேசினார்கள். கிராண்ட்ஸ்லாம் பட்டம் அதன் பிறகு ஒன்றுகூட வரவில்லை.

வலது இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்திருந்தது. 2002-ன் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை. சில வாரங்களிலேயே களத்துக்கு வந்தார். பழைய ஓட்டம் திரும்பவில்லை. 2004 பிரெஞ்சு ஓபனில் ஒருநாள் மட்டும் பழைய குகா எட்டிப் பார்த்தார். மூன்றாவது சுற்றில், உலகின் முதல்நிலை வீரர் ரோஜர் ஃபெடரரை 6-4, 6-4, 6-4 என்று நேர் செட்களில் வென்றார். அதற்குப் பிறகு ஃபெடரர் ஒரு கிராண்ட்ஸ்லாமில் கால் இறுதிக்கு முன்பே தோற்க 2013 விம்பிள்டன் வரை ஆனது. அதே ஆண்டு குகாவுக்கு மறுபடி அறுவை சிகிச்சை. அதன் பிறகு படியிறக்கம்தான்.

2007 நவம்பரில் கில்ஹெர்மே இறந்துபோனார். முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

ஆறு மாதம் கழித்து, 2008 மே 25-ம் தேதி, குகா பாரிஸில் கடைசி ஒற்றையர் ஆட்டம் ஆடினார். 1997-ல் போட்டதுபோலவே நீலமும் மஞ்சளுமான உடை. ஜெயிப்பதற்கான உடம்பு இல்லை என்று அவருக்கும் தெரியும், வந்திருந்தவர்களுக்கும் தெரியும். பிரான்ஸின் பால்-ஹென்றி மாத்யூ 6-3, 6-4, 6-2 என்று வென்றார். உள்ளூர் வீரர் ஜெயித்த ஆட்டத்தில் உள்ளூர்க் கூட்டம் தோற்றவருக்காக எழுந்து நின்று கைதட்டியது.

அன்று அவருக்கு ஒரு நினைவுப் பரிசு தந்தார்கள். அந்த மைதானத்தின் தரையையே வெட்டியெடுத்த ஒரு துண்டு. மேலே மெல்லிய செங்கல் பொடி, கீழே சுண்ணாம்பு, கரிக்கசடு, கற்கள் என்று அடுக்குகள் அப்படியே தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். குகா அழுதார்.

அதற்கு முன்பு வாங்கியதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க வீட்டில் ஒருவர் இருந்தார். இந்தப் பரிசை வாங்கிய அன்று தம்பி இல்லை.

மிச்சம் இருப்பது

புகழ் உச்சியில் இருந்தபோதே குகா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆண்டுதோறும் தான் ஜெயித்த ஒரு போட்டியின் பரிசுப் பணம் முழுவதையும், தம்பியைப் போன்றவர்களைக் கவனித்துக்கொள்ளும் சொந்த ஊர்த் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார். 2000-ல் குடும்பத்தார் சேர்ந்து 'குகா குயர்டன் நிறுவனம்' என்ற அமைப்பையே தொடங்கினார்கள். பொறுப்பு அம்மா ஆலிஸிடம். உடல் குறையுள்ளவர்களுக்கான உதவிகள், ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் படிப்பும் என்று வேலை நடக்கிறது.

அந்த ஆண்டுதான் மகன் உலகின் முதலிடத்தைப் பிடித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோகாமல் தொடங்கியது அல்ல. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தொடங்கியது. நாளைக்குப் பெரிய ஆளாகிச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டிருந்தால், அந்த 'நாளை'யை இடுப்பு வலி எடுத்துக்கொண்டிருக்கும்.

2012-ல் சர்வதேச டென்னிஸ் புகழ்க்கூடத்தில் குகாவின் பெயர் சேர்ந்தது. அங்கே இருப்பவர்கள் பலரும் அவரைவிட அதிகப் பட்டங்கள் வென்றவர்கள். பாரிஸில் ரஃபேல் நடால் வென்ற பதினான்கு பட்டங்களுக்கு முன்னால் மூன்று என்பது சின்னக் கணக்கு. இருந்தும் ஒவ்வொரு மே மாதமும் அந்தச் செம்மண் களம் திறக்கும்போது, குகா பெயரைச் சொல்லி மனம் நெகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜெயித்த பிள்ளைக்கு வீட்டில் தனி மரியாதை, முடியாத பிள்ளைக்கு ஒரு பெருமூச்சு என்று இரண்டு தட்டு வைப்பது எளிது. ஆலிஸின் வீட்டில் தட்டு ஒன்றுதான் இருந்தது. பாரிஸில் ஓடிச் சம்பாதித்தவர் ஒரு மகன், வீட்டில் அதை வாங்கி வைத்துக்கொண்டவர் இன்னொரு மகன். "இது யாரு வாங்கினது?" என்று அந்த வீட்டில் யாராவது கேட்டிருந்தால் இரண்டு பேரையும்தான் காட்டியிருக்க வேண்டும்.